மூன்று மரமும் ஒரு கோடும்: ஜப்பானில் கணவரின் முத்திரையைப் பதிவு செய்த கதை

நேற்று மதியம்தான் அந்தத் தாள் கைக்கு வந்தது. முத்திரைப் பதிவுச் சான்றிதழ், ஜப்பானியத்தில் 'இன்கான் ஷோமேஷோ'. இங்கே முக்கியமான தாள்களில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரையைப் பதிப்பார்கள்; அந்த முத்திரை இன்னாருடையதுதான் என்பதற்கான சான்று இது. ஐந்து வாரம், மூன்று நடை, புதிதாகச் செதுக்கிய இரண்டு முத்திரை. நடுவில் பேசி முடித்த காரை வேறொருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனசு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஜப்பானியப் பெயர் மாதிரியே இருக்கிற வெளிநாட்டுப் பெயரோடு இங்கே வாழ்கிறவர் யாராவது இருந்தால், அவர்களுக்காவது ஒரு நடை மிச்சமாகட்டும்.

என் கணவர் இத்தாலிக்காரர். தஸ்கனிப் பக்கம். குடும்பப் பெயர் மோரி. ஜப்பானில் தெருவுக்குத் தெரு மோரி இருக்கிறார்கள். 2000-இல் பிரதமரான யோஷிரோ மோரி, ஆடை வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்ற ஹனாயே மோரி என்று நம் செய்தித்தாள்களிலும் வந்த பெயர்தான். கணவர் படித்தது வடிவியல் என்பதால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஷிகெஃபுமி மோரி, 1990-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய கணிதர். இருபரிமாண இயற்கணிதப் பரப்புகளை காஸ்டெல்நுவோ, என்ரிக்வேஸ் என்ற இத்தாலியர்கள் வகைப்படுத்தி வைத்தார்கள். அந்த வேலையை முப்பரிமாணத்துக்குக் கொண்டுபோனவர் இந்த ஜப்பானிய மோரி. அந்தத் துறைக்கே மோரி என்ற பெயரோடு ஓர் இத்தாலியர் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? வந்த முதல் வாரமே சக ஆய்வாளர்கள் நூறு யென் கடையில் ஒரு முத்திரை வாங்கிப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். வட்டத்துக்குள் மூன்று மரம். மேலே ஒன்று, கீழே இரண்டு. காடு என்று பொருள். "உங்களுக்கென்ன, பெயரே ஜப்பானியப் பெயர்" என்றார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தை நம்பியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

நான்கு வருஷமாகப் பார்சல் வாங்க, பள்ளிக்கூடத் தாளில் பதிக்க எல்லாவற்றுக்கும் அந்த மூன்று மரம்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் வளர்ந்து, பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று முடிவானபோதுதான் பதிவு செய்த முத்திரை தேவைப்பட்டது. அவருக்கு வகுப்பு இருந்ததால், அவருடைய வசிப்பு அட்டையையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு நான் வார்டு அலுவலகத்துக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, "மன்னிக்கவும், இதைப் பதிய முடியாது" என்றார். நான் மனைவியாக இருந்தாலும் அவர் கைப்பட எழுதிய அதிகாரக் கடிதம் வேண்டும். கடிதம் இருந்தாலும் அன்றைக்கே முடியாது. அவர் பெயருக்கு வீட்டுக்கு ஒரு விசாரணைக் கடிதம் அனுப்புவார்கள், அதை நிரப்பி மறுபடி கொண்டுவர வேண்டும். நேரில் அவரே புகைப்பட அடையாள அட்டையோடு வந்தால் ஒரே நாளில் வேலை முடியும். தயவுசெய்து இதில் சோம்பல் படாதீர்கள். யார் முத்திரையோ அவரே போகட்டும்.

இதைவிடப் பெரிய விஷயம், மூன்று மரமே செல்லாது என்பது. 2012 ஜூலையிலிருந்து வெளிநாட்டவர்களும் ஜப்பானின் குடியிருப்போர் பதிவேட்டில் இருக்கிறோம். அதில் என்ன பெயர் இருக்கிறதோ, அதுதான் முத்திரையிலும் இருக்க வேண்டும். கணவரின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ரோமன் எழுத்தில் இருக்கிறது. சீன எழுத்தில் ஒரு பெயர் வேண்டுமென்றால் அதை 'ட்சூஷோ' என்கிற வழக்குப் பெயராகத் தனியே பதிய வேண்டும். அன்றாட வாழ்க்கையில் அந்தப் பெயரைத்தான் பயன்படுத்துகிறேன் என்பதற்குச் சம்பளச் சீட்டு, ரசீது என்று ஆதாரம் காட்ட வேண்டும். எங்களிடம் பார்சல் சீட்டைத் தவிர ஒன்றுமே இல்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் அந்த வழியே வேண்டாம் என்றுவிட்டார். "அது அழகான எழுத்து. ஆனால் என் தாத்தா காடு இல்லை" என்றார். இத்தாலியில் மோரி என்பது 'மோரோ' என்பதன் பன்மை; கருத்த நிறத்தவர் என்று பொருள். கல்யாணத்தின்போது மாமனார் இதைச் சொல்ல, நான் மொழிபெயர்க்க, எங்கள் அம்மா முகம் மலர்ந்து போனார். "மாப்பிள்ளை வீட்டுப் பேரும் நம்ம குலசாமி பேருதானா!" எங்கள் குலசாமி கருப்பசாமி. அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பெயர்மேல் தனிப் பாசம். அதைக் கொண்டுபோய்க் காடு என்று பதிய எனக்கும் மனசில்லை.

கவுண்டரில் அந்தப் பெண் கடைசியாகச் சொன்னது, "கத்தகானாவில் செதுக்கி வாருங்கள்" என்று மட்டும் (வெளிநாட்டுப் பெயர்களை ஓசைக்கேற்ப எழுதும் ஜப்பானிய எழுத்துமுறைதான் கத்தகானா). இதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. எந்தக் கத்தகானா என்று அவர் முன்னாலிருந்த திரையிலேயே இருந்திருக்கிறது. ஒரு விநாடி படித்துச் சொல்லியிருக்கலாம்.

நாங்கள் வங்கிப் புத்தகத்தைப் பார்த்து, அதில் இருந்தபடியே இரண்டு எழுத்து, மோ, ரி, என்று இணையத்தில் ஆர்டர் கொடுத்தோம். பத்து நாள் ஆயிற்று. இந்த முறை கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். வேறு ஊழியர், வயதில் சிறியவர். பதிவேட்டையும் முத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, விரல் நுனியால் மேசையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "இது இல்லையே."

கத்தகானாவில் உயிரோசை நீளுமென்றால் எழுத்துக்குப் பின்னால் ஒரு கோடு போடுவார்கள். நாங்கள் குடிவந்த நாளில் கணவர் தன் பெயரைச் சொல்ல, எழுதிக்கொண்டவர் காதில் விழுந்தபடி கோடு போட்டு எழுதியிருக்கிறார். மருத்துவக் காப்பீட்டில் கோடு இருக்கிறது. வங்கியில் கோடு இல்லை. நான்கு வருஷமாக ஒரே மனிதருக்கு இரண்டு பெயர் ஓடியிருக்கிறது, எங்களுக்கே தெரியாமல். பல்கலைக்கழகம் அனுப்பிய பயணப்படி ஒருமுறை வங்கியிலிருந்து திரும்பிப் போனதற்கும் இதுதான் காரணம் என்று அந்த மேசை முன்னால் நிற்கும்போதுதான் புரிந்தது.

அன்று மாலைதான் கார்க் கடையிலிருந்து போன் வந்தது, இன்னொருவர் பணம் கட்டிவிட்டார் என்று. அம்மாவிடம் சொன்னேன். "ஒரு முத்திரைக்கு இவ்வளவாடி? மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டாப் போதாதா?" எனக்கும் அன்றைக்கு அதே கேள்விதான்.

இதில் வெளிச்சம் காட்டியவர் ஒரு முத்திரை செதுக்குபவர். ரயில் நிலையத்துக்குப் பின்னால் சின்னக் கடை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இனி இணையம் வேண்டாம் என்று நேரில் போனோம். எங்கள் கதையைக் கேட்டார். கணவரைப் பார்த்து, "உங்கள் அம்மா கூப்பிடுவது மாதிரி சொல்லுங்கள்" என்றார். கணவர் சொன்னார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை கேட்டார். பிறகு சிரித்தார். "மூன்று மரம் வேறு. நீங்கள் மோரி மொதொநாரியின் மோரி."

இதுவரை நானும் எல்லாரையும் ஒரே மாதிரி மோரி என்றுதான் எழுதிக்கொண்டு வந்தேன். நம் பத்திரிகைகளும் அப்படித்தான். உண்மையில் மூன்று மரப் பெயரில் ஓசை குறில். தமிழில் எழுதினால் மொரி. பிரதமர் மொரி, கணிதர் மொரி. நெடிலோடு வரும் மோரி வேறு குடும்பம், வேறு எழுத்துகள். 16-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஹொன்ஷூவை ஆண்ட மோரி மொதொநாரியின் வம்சப் பெயர் அது. ஒற்றை அம்பு ஒடியும், மூன்றைச் சேர்த்தால் ஒடியாது என்று மூன்று மகன்களுக்குக் காட்டியதாகக் கதை சொல்வார்களே, அவர்தான். ரோமன் எழுத்தில் எழுதும்போது நீளம் தொலைந்து இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. 1992-இல் எண்டெவர் விண்கலத்தில் போன மாமொரு மோரி, தன் பெயரின் நடுவில் 'எச்' சேர்த்து எழுதுவது அந்த நீளத்தைக் காப்பாற்றத்தான். இத்தாலியத்திலோ அழுத்தம் விழும் முதல் அசை தானாகவே நீளும். ஆக, என் கணவரின் பெயர் கண்ணுக்குக் காட்டுப் பெயராகவும் காதுக்கு அம்புக் குடும்பத்துப் பெயராகவும் இருக்கிறது. உண்மையில் அது இரண்டுமே இல்லை. பார்த்தால் ஒரே பெயர். உள்ளே மூன்று பெயர்.

அன்றிரவு சமையலறை மேசையில் ஒரு தாளை எடுத்து மொ, மோ என்று பெரிதாக எழுதி அவருக்குக் காட்டினேன். கொம்பின்மேல் கூடுதலாக ஒரு சுழி, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சுழியை நமக்குக் கொடுத்தவர் வீரமாமுனிவர் என்று சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 1680-இல் இத்தாலியில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி. அதற்கு முன்னால் ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதியதால், குறிலா நெடிலா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். தன் ஊர்க்காரர் ஒருவர் போட்ட சுழியால்தான் தன் பெயர் தமிழில் பிசகாமல் எழுதப்படுகிறது என்று அவர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். ரோமன் எழுத்திலேயே குடும்பப் பெயரைச் செதுக்கினாலும் பதிந்துகொள்வார்கள், நீளம் குட்டை என்ற பிரச்சினையே வராது. அலுவலகத்தில் இரண்டு முறையும் இதை யாரும் சொல்லவில்லை. உங்கள் வார்டில் கேட்டுப் பாருங்கள். சுலபமான வழி அதுதான். கணவர் மட்டும் கோடு போட்டதே வேண்டும் என்றார். முசோலினி காலத்தில் பலேர்மோவில் மாஃபியாவை ஒடுக்கிய சேஸரே மோரியை ஜப்பானியத்தில் கோடு போட்டே எழுதியிருப்பதைத் தேடிப் பார்த்து வைத்திருந்தார். 1999-இல் செவில்லில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உலக சாம்பியனான ஃபாப்ரிஸியோ மோரி ஓடியதை அப்பாவோடு தொலைக்காட்சியில் பார்த்ததையும் பெரியவரிடம் சொன்னார். பெரியவர் தலையாட்டிக்கொண்டே தாளில் வரைய ஆரம்பித்தார்.

மேலிருந்து கீழாகச் செதுக்கும்போது நீளக் கோடும் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்க வைத்தால் தப்பு. கோடு மெல்லியதாக இருந்தால் முத்திரையில் கீறல் விழுந்த மாதிரி தெரியும், தடித்தால் இன்னொரு எழுத்து மாதிரி ஆகிவிடும். நான்கு முறை அழித்து வரைந்தார். கடைசியில் கோட்டின் தலையைக் கொஞ்சம் வளைத்து, மேலே இருக்கும் மோவின் கடைசி வளைவோடு ஒட்டிக் கொண்டுபோய் விட்டார். தொடங்குவதற்கு முன் கணவர் கையில் தாளைக் கொடுத்து, பதிவேட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகத் தொட்டுக் காட்டச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் நாளே கவுண்டரில் நடந்திருக்க வேண்டியது அது.

மூன்றாம் நடை பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது.

நீங்கள் போவதற்கு முன்: குடியிருப்போர் பதிவேட்டு நகலை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பெயரின் கத்தகானா இல்லையென்றால், எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதைக் காட்டித்தான் செதுக்கக் கொடுக்க வேண்டும். வங்கிப் புத்தகத்தை நம்பாதீர்கள். முத்திரை 8 மில்லிமீட்டருக்குக் குறையவும் 25 மில்லிமீட்டரைத் தாண்டவும் கூடாது. அமுங்கும் ரப்பர் முத்திரையை வாங்கவே மாட்டார்கள். காருக்குக் கொடுக்கும் சான்றிதழ் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், அதனால் கார் முடிவாவதற்கு ரொம்ப முன்னாலேயே எடுத்து வைக்காதீர்கள். மஞ்சள் எண் பலகை உள்ள சின்னக் 'கேய்' கார் போதும் என்றால் பதிவு செய்த முத்திரையே தேவையில்லை. இதை எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா நேற்று சாயங்காலம்தான் சொன்னார்.

போனில் பெயர் சொல்லும்போது ஜப்பானியர்கள் "மரம் மூன்று மொரியா?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் சட்டென்று ஆமாம் என்றுவிடுவோம். இப்போது, "இல்லை, கத்தகானா, நடுவில் கோடு உண்டு" என்கிறோம். மகளும் அப்படியே சொல்லப் பழகிவிட்டாள்.

வங்கி இன்னும் பாக்கி. அடுத்த செவ்வாய்க்கிழமை போகிறோம். புத்தகம், வசிப்பு அட்டை, பதிவேட்டு நகல், புது முத்திரை, எதற்கும் இருக்கட்டும் என்று பழைய முத்திரை இரண்டும் ஒரு பையில் போட்டு வாசல் கதவுப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். இந்த முறை அவரோடு நானும் போகிறேன். கோட்டைப் போட்டுவிட்டார்களா என்று பார்க்காமல் கவுண்டரை விட்டு நகரப் போவதில்லை.