நிக்கோடிமஸ் புகை

அக்டோபர் 3

பாப்பாவுக்கு மறுபடியும் காய்ச்சல், 102. இரத்தப் பரிசோதனை முடிவுக்கு இன்னும் ஒரு வாரமாம்.

அக்டோபர் 4

தூக்கமில்லை. மடியில் அவள், கையில் எங்கள் கிரஹாம் கவுண்டியின் (அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து மாவட்டம்) பழைய கதை: அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் குடியேறிய நிக்கோடிமஸ் என்ற ஊர். 1878 வசந்த காலத்தில் வில்லியானா ஹிக்மன் கென்டக்கியிலிருந்து வந்து எல்லிஸ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அடிமைத்தளை அறுந்து 13 வருடம்கூட ஆகவில்லை. இறங்கிய இடத்திலேயே பிள்ளைகளுக்குத் தட்டம்மை. கூட வந்தவர்களின் குழந்தைகள் சில அங்கேயே இறந்துபோயின. பிறகு மரமற்ற புல்வெளியில் வண்டிப் பயணம். அதோ நிக்கோடிமஸ் என்று கணவர் காட்டிய இடத்தில் ஊரே இல்லை. தரையிலிருந்து புகைதான் எழுந்தது. மண்ணைத் தோண்டிய குழிகளில் மனிதர்கள் குடியிருந்தார்கள். வில்லியானா அழுதுவிட்டார்.

அந்தக் குழந்தைகளை எங்கே புதைத்திருப்பார்கள்?

அக்டோபர் 5

102.6.

அக்டோபர் 7

கோபமாக இருக்கிறது. 1877இல் நிக்கோடிமஸ் நகர நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் டபிள்யூ. ஆர். ஹில் ஒருவர், வெள்ளையர், நில வியாபாரி. அந்தச் செப்டம்பரில் கறுப்பின மக்கள் முந்நூறு பேர்போல வந்தார்கள். எல்லிஸிலிருந்து நடை, 35 மைல். வந்து பார்த்தால் வீடில்லை, விறகில்லை, ஏர் பூட்ட மாடில்லை. பல குடும்பங்கள் உடனே திரும்பிவிட்டன. முதல் குளிர்காலத்தில் இருந்தவர்களுக்கு உணவு கொடுத்தது, வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்கள். நான் பாப்பாவுக்கு மருந்து வாங்கப் போகும் கவுண்டித் தலைநகரின் பெயரோ அந்த ஹில்லின் பெயரில் ஹில் சிட்டி! ஓசேஜ் பெயரில் இங்கே ஒரு தெருவாவது இருக்கக் கூடாதா?

அக்டோபர் 8

இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். நிக்கோடிமஸில் குடியேறிய ஜென்னி ஃபிளெட்சர் தன் குழிவீட்டுக்குள்ளேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இன்று அது ஒன்றே போதும் எனக்கு.

அக்டோபர் 9

நெடுஞ்சாலை 24இல் நிக்கோடிமஸுக்குப் போய் வந்தோம். பின்இருக்கையில் அவள் தூங்கிவிட்டாள். சுண்ணாம்புக்கல் மன்றக் கட்டிடம், தேவாலயம், சில வீடுகள். 1888இல் ரயில் பாதை சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது. கடைக்காரர்கள் கடையைப் பெயர்த்துக்கொண்டு அதன் பின்னால் போனார்கள். ஊர் மெலிந்தது. ஆனாலும் ஜூலைதோறும் பேரப்பிள்ளைகள் எங்கிருந்தெல்லாமோ திரும்பி வந்து கூடுகிறார்கள். காரை நிறுத்தி வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புகை எந்தப் பக்கம் எழுந்திருக்கும்?

அக்டோபர் 10

மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். நேரில் வரச் சொல்கிறார்கள். போர்வை, தண்ணீர், அவளுடைய துணிப் பொம்மை