கிரோரோ நீட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு

நேற்று ராத்திரி தம்பியோடு ‘கெரோரோ குன்சோ’ என்ற ஜப்பானிய அனிமே தொடர் பற்றிப் பேச ஆரம்பித்து மணி ஒன்றாகிவிட்டது. வேற்றுக்கிரகத்திலிருந்து பூமியைப் பிடிக்க வந்த ஐந்து தவளைகளின் கதை. 2004 முதல் 2011 வரை 358 எபிசோட்! தலைவன் கெரோரோ ஹினாடா என்ற மனிதக் குடும்பத்தின் வீட்டில் மாட்டிக்கொண்டு பெருக்குகிறான், துணி துவைக்கிறான், மிச்ச நேரமெல்லாம் ‘கன்டம்’ என்ற ரோபோ தொடரின் பொம்மைதான். (கன்டம் எடுத்த அதே சன்ரைஸ் ஸ்டுடியோதான் இதையும் எடுத்தது.)

ஐந்து தவளைகளில் தம்பிக்கு டொரோரோ என்றால் உயிர். சொந்தப் படையே மறந்துவிடும் ஆள். சின்ன வயதில் கெரோரோ படுத்திய பாடு ஞாபகம் வந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுவான். தம்பியும் அழுதிருக்கிறான், நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு கிரோரோ. தோட்டத்தில் கூடாரம் போட்டு, துப்பாக்கியைத் துடைத்தபடி நெருப்பில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடுவான். எதிரியாக நினைக்க வேண்டிய அந்த வீட்டுப் பெண் நட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், ஒன்றும் பேசாமல் ஒரு கிழங்கை நீட்டுவான். ஏற்கெனவே சிவந்த முகம் இன்னும் சிவக்கும். அந்த இடம் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மனசு இளகிவிடும்.

சரி, பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஐந்து பேரில் உங்கள் ஆள் யார்?