கடலூர் சாலையில் தறிச் சத்தம்

சிதம்பரத்தில் பாண்டி பஸ் ஏறும்போது மாலை ஆறரை. ஜன்னல் சீட். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பல வருஷமாக என்னை விடாத அந்த இசையைப் போட்டேன். இண்டஸ்ட்ரியல் என்பார்கள். மெஷின் ஓடுவது போன்ற தாளம், அடிவயிற்றை அழுத்தும் பேஸ், எங்கோ இரும்புத் தகட்டை இழுக்கும் கீச்சு. பாட்டு முடிந்த பிறகும் நெஞ்சுக்குள் ஒரு கலக்கம் நிற்கும். அந்தக் கலக்கத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேட்பேன்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் நன்றாக இருட்டிவிட்டது. குடிகாடு பக்கம் வந்தபோது கெமிக்கல் தொழிற்சாலைகளின் குழாய்களும் தொட்டிகளும் மஞ்சள் விளக்கில் நின்றன. காரமான வாடை மூக்கில் ஏறியது. பக்கத்து சீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வேறு ஏதாவது இனிமையான பாட்டைப் போட்டிருந்தால் அந்த இடத்தைப் பார்க்காமலே கடந்திருப்பேன். இந்த இசை கண்ணை மூட விடாது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

இந்த வகைக்குப் பெயர் வந்தது 1976இல். லண்டனில் த்ராபிங் கிரிஸில் குழுவினர் ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்’ என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். அவர்களில் கிறிஸ் கார்ட்டர், மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் சின்தசைசரைத் தன் கையாலேயே செய்துகொள்வார். எஃகு ஆலைகளின் ஊரான ஷெஃபீல்டில் கேபரே வோல்டேர் என்ற குழு அதற்கு முன்பே, 1973லிருந்து, ஒலி பதிந்த டேப்பை வெட்டி ஒட்டி இசை செய்துகொண்டிருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது 1980இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய ஐன்ஸ்டூர்ட்செண்டே நொய்பாட்டன் குழு. ‘இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்’ என்று பொருள். அதில் தாளம் வாசித்தவர் காசில்லாமல் டிரம்ஸை விற்றுவிட்டு, கிடைத்த பழைய இரும்பைத் தட்ட ஆரம்பித்தார். டிரில் மெஷினும் மேடை ஏறியது. அது தெரிந்த நாளிலிருந்து காயலான் கடையைத் தாண்டினால் கால் தானாக நின்றுவிடுகிறது.

மறுநாள் காலை பாண்டியில் முதலியார்பேட்டை போனேன். வந்ததே அதற்குத்தான். கடலூர் சாலையில் ஏஎப்டி துணி மில். 1898இல் வந்த ஆலை, 2020 ஏப்ரலோடு மூடிவிட்டார்கள். பாண்டியின் கதையே மில்களின் கதைதானே. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை பிரெஞ்சு அரசின் படை சுட்டது. 12 பேர் செத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம்தான் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது.

எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. பெஞ்சில் இருந்த பெரியவர் தறியில் வேலை பார்த்தவராம். என்ன கேட்கிறாய் என்றார். ஹெட்போனைக் கொடுத்தேன்.

“இந்தக் காது அவ்ளோவா கேக்காது தம்பி, சத்தத்த ஏத்து.”

ஏற்றினேன். கண்ணை மூடிக்கொண்டார். வலது கால் கட்டைவிரல் மட்டும் செருப்பில் மெல்ல அசைந்தது. இரண்டு நிமிஷம் இருக்கும்.

“தறி இப்படி அடிக்காதுப்பா. இது ஒரே சீரா போவுது. அங்க நூறு தறி ஓடும், ஒண்ணோட ஒண்ணு சேராது. சேர்ற மாதிரி வரும், பிரிஞ்சிடும்.” பெஞ்சுப் பலகையில் இரண்டு கை விரல்களாலும் தட்டிக் காட்டினார். இடது கை கொஞ்சம் முந்தியது, வலது துரத்தியது, ஒரு நொடி ஒட்டி மறுபடி விலகியது. எனக்குப் புல்லரித்தது.

முதல் வாரம் வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வராதாம், படுத்தால் பாய்க்குள் தறி ஓடுமாம். அப்புறம் லீவு நாளில் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராதாம். உள்ளே பேச்சே கேட்காது, எல்லாம் உதட்டசைவும் கைஜாடையும்தான். சங்கு ஊதிவிட்டால் ஒவ்வொரு தறியாக நிற்கும். “கடைசித் தறி நிக்கற நேரம் இருக்கே, அதான் தம்பி பயம். காதுக்குள்ள குழி வெட்டின மாதிரி இருக்கும்.”

டீ வந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை.

“நடுவுல டிரில் போடற சத்தம் ஒண்ணு வந்துச்சே, அத மறுபடி வை.”