இறக்கைக்கு அடியில் ஒரு குவளை

பறப்பதற்கு முன் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தைச் சுற்றி வந்து சோதிக்கும்போது நான் ஒருநாளும் அவசரப்படாத இடம், டேங்க்கின் அடியிலிருந்து எரிபொருள் எடுத்துப் பார்க்கும் இடம்தான்.

மற்றவை கைப்பழக்கம். சாவி வெளியே இருக்கிறதா, வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயின் உறை கழற்றியாகிவிட்டதா, ஆயில் அளவு சரியா, புரொப்பெல்லர் விளிம்பில் சிராய்ப்பு உண்டா என்று பார்த்துவிடுவேன்.

அன்று இரவு முழுக்க மழை. காலையில் இடது இறக்கையில் எடுத்த முதல் குவளையின் அடியில் பட்டாணி அளவில் நிறமில்லாத குமிழ் ஒன்று உருண்டது. தண்ணீர். பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குள் போனால் மேலே ஏறும்போதே எஞ்சின் நின்றுவிடலாம். குவளை முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் பிரிகோடு எதுவும் தெரியாது. அதனால் வெளிச்சத்தில் பிடித்து, 100 எல்எல் என்ற விமானப் பெட்ரோலுக்குரிய நீலம் தெரிகிறதா என்றும் பார்ப்பேன், மோந்தும் பார்ப்பேன்.

இறக்கையை மெல்ல ஆட்டிவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி எடுத்தேன். நான்காவது குவளைதான் சுத்தமாக வந்தது. அப்புறம் ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மெக்கானிக் அதை மாற்றும்வரை நான் கிளம்பவில்லை.