எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம்

இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி தொடங்கியதும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கணுக்கால் வீங்கிய பிள்ளைகள் கூடிவிடுவார்கள். நம்ம தோட்டத்து கிரவுண்டுகளும் அப்படித்தானே, ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் தேயிலைக்குள் இறங்கும் பள்ளம். பாட்டி எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிப்பார் (வீங்கிய காலைத் தயவுசெய்து அப்படி நீவாதீர்கள்), அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார், எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறியவில்லை என்பார்கள், அடுத்த வாரமே பிள்ளை கரப்பந்து ஆடப் போய்விடும். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது பெரும்பாலும் முதலில் அடிபடுவது வெளிக்கணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் லிகமென்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டும் நார். அதைப் பார்க்க, கர்ப்பிணிகளுக்குச் செய்கிற அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும், தோலில் வைக்கிற கருவி (புரோப்) மட்டும் வேறு. கதிர்வீச்சு கிடையாது. நல்ல லிகமென்ட் திரையில் இழுத்துக் கட்டிய நாடா மாதிரி மெல்லிய கோடுகளோடு தெரியும், அடிபட்டது தடித்துக் கறுத்திருக்கும், முழுதாக அறுந்திருந்தால் நடுவே பிளவே தெரியும். டொக்டர் புரோப்பை வைத்தபடியே குதிகாலை மெதுவாக முன்னால் இழுத்துப் பார்த்தால் அந்த இடைவெளி அகலுவதை நாமும் பார்க்கலாம். காலை ஆடாமல் வைத்து எடுக்கிற எம்ஆர்ஐயில் (காந்த ஸ்கேன்) இது கிடைக்காது. அப்புறம், நல்ல காலையும் பார்க்கச் சொல்லுங்கள், சில பிள்ளைகளுக்கு மூட்டு இயல்பாகவே தளர்வு.

வளரும் பிள்ளை என்றால் இன்னொரு சிக்கல். எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் குருத்துப் பகுதி, இருக்கும், எக்ஸ்ரேயில் அது வெறும் கறுப்புக் கோடு. எக்ஸ்ரே சரியாக இருந்தும் அந்த இடத்தில் நோவு இருந்தால் தட்டுத்தான் முறிந்திருக்கும் என்று நினைத்து மாவுக்கட்டு போடுவது நெடுநாள் வழக்கம். 2016இல் வெளியான கனடா ஆய்வொன்றில் அப்படிப்பட்ட 135 பிள்ளைகளுக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். தட்டு முறிந்திருந்தது 4 பேருக்குத்தான், 108 பேருக்கு லிகமென்ட் காயம். அதில் பலருக்கு லிகமென்ட் இழுத்த இழுப்பில் எலும்பு நுனியில் சின்னத் துணுக்கு பிய்ந்திருந்தது, எக்ஸ்ரேயில் தெரியாத துணுக்கு. பழகிய கைக்கு அல்ட்ராசவுண்டிலேயே இது பிடிபடும்.

பழகிய கை என்பது முக்கியம், ஸ்கேன் செய்பவரைப் பொறுத்துத்தான் முடிவு. மூட்டுக்குள்ளே குருத்தெலும்பு அடிபட்டதா என்று அல்ட்ராசவுண்ட் சரியாகச் சொல்லாது, அதற்கு எம்ஆர்ஐதான். எக்ஸ்ரேயை விட்டுவிடவும் சொல்லவில்லை. நாலடி கூட வைக்க முடியவில்லை, அல்லது கணு எலும்பின் பின் விளிம்பை அமுக்கினால் உயிர் போகிறது என்றால் முதலில் எக்ஸ்ரே. யாருக்கு எக்ஸ்ரே வேண்டும் என்று முடிவு செய்ய டொக்டர்மாருக்கு 1992இல் வந்த ஒட்டாவா விதிகள் சொல்வதும் ஏறத்தாழ அதையே.

எல்லாச் சுளுக்குக்கும் ஸ்கேன் தேவையில்லை. ஆனால் வீக்கம் வடிந்த பிறகும் லயத்துப் படி இறங்கும்போது கால் நழுவுகிற மாதிரி இருக்கிறது, அதே கால் திரும்பத் திரும்ப மடங்குகிறது என்று பிள்ளை சொன்னால், கிளினிக்கில் வாய் திறந்து கேளுங்கள்: "டொக்டர், லிகமென்டை ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாமா?"