ஒரே ஒரு வளைவு

ரேஸ் டிராக்கில் மார்ஷலாக, அதாவது வளைவில் நின்று ஓட்டுபவர்களுக்குக் கொடி காட்டும் ஆளாக இருந்தேன் என்று சொன்னாலே, "அப்ப எல்லா ரேஸையும் பக்கத்திலிருந்து பார்த்திருப்பீங்களே" என்பார்கள். ஒரு ரேஸைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. அதில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான், மிச்சமெல்லாம் வாக்கி டாக்கியில் கேட்ட கதை.

கொடி மேடையில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்போம். வரும் வண்டிகளை ஒருவர் பார்க்க, போகும் பக்கத்தை இன்னொருவர் பார்க்க, ஒருவர் முதுகுக்கு மற்றவர்தான் காவல். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. மஞ்சளில் சிவப்புக் கோடு போட்டது என்றால் தரை வழுக்குகிறது. படிக்க எளிதாகத்தான் இருக்கும்.

ஒரு பைக் ரேஸில் என் வளைவிலேயே எஞ்சின் ஆயிலைக் கொட்டிக்கொண்டு ஒரு வண்டி சறுக்கிப்போனது. நான் மஞ்சளை எடுத்து வீசுகிறேன், கோடு போட்டது ஞாபகத்துக்கே வரவில்லை. அடுத்து வந்தவர் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி எப்படியோ நிமிர்ந்தது. கூட இருந்த அண்ணன் ஒன்றும் பேசாமல் அந்தக் கொடியை உருவித் தானே காட்டினார். ரேஸ் முடிந்ததும் சிமென்ட் தூளைக் கொட்டித் துடைப்பத்தால் தேய்த்தோம், அப்போதும் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாப்பாட்டு நேரத்தில், பொட்டலத்தைப் பிரித்தபடி, சோழவரம் கதையை ஆரம்பித்தார். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் ரேஸ் நடத்தியது அங்கேதான், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில். விமானத்துக்குப் போட்ட தரை, நேர்கோடுதான் அதிகம், முறுக்கினால் போதும் என்பார். ரேஸுக்கென்றே கட்டிய இந்த டிராக் 1990-இல் வந்தபிறகு பிரேக் எங்கே பிடிப்பது என்பதே தனி வித்தையாகிவிட்டதாம். நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் எல்லாம் ஃபார்முலா ஒன்னுக்குப் போவதற்கு முன் ஓட்டிப் பழகிய தரை இது. "சரி, கொடியை வரிசையா வை" என்று எழுந்தார்.

அதற்கப்புறம் கோடு போட்ட கொடியைப் பாதி பிரித்தே வைத்திருப்பேன். அன்று ஜெயித்தது யார் என்று மறுநாள் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.