ஞாயிறு மாலை ஆறு மணி

நானும் என் மகளின் அப்பாவும் தனித்தனி வீடுகளில் வாழத் தொடங்கியபோது அவளுக்கு ஏழு வயது. பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து கோர வேண்டுமானால், மனுத் தாக்கல் செய்வதற்கு முன் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு சொல்கிறது. அந்த ஓராண்டை வெறும் காத்திருப்பாகவே பலரும் எண்ணுகிறார்கள். எங்களுக்கோ, குழந்தை எந்த நாளில் யாரிடம் இருப்பது என்பதை எழுதி, நடத்திப் பார்த்து, தவறு தெரிந்தால் மாற்றி எழுதுவதற்குக் கிடைத்த காலமாக அது அமைந்தது. இதே நிலையில் இருக்கும் பெற்றோர் சிலருக்காவது பயன்படும் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் போட்ட அட்டவணை, காகிதத்தில் பார்க்க மிகவும் நியாயமானது. திங்கள் முதல் புதன் வரை என்னிடம், வியாழன் முதல் சனி வரை அவரிடம், ஞாயிறு மட்டும் மாறி மாறி. இருவருக்கும் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது என்று எண்ணிப் பார்த்து எழுதிய எங்களுக்கு, குழந்தை வாரத்தில் எத்தனை முறை பை தூக்க வேண்டியிருக்கும் என்று எண்ணத் தோன்றவில்லை. வியாழக்கிழமைகளில் வீட்டுப்பாடம் முடிக்காமல் வருகிறாள் என்று வகுப்பாசிரியை டைரியில் எழுதி அனுப்பினார். கேட்டால், “கணக்கு நோட்டு அம்மா வீட்ல இருந்துச்சு” என்று அப்பாவிடமும், “அப்பா வீட்ல இருந்துச்சு” என்று என்னிடமும் சொல்லியிருக்கிறாள். இரண்டும் பொய்யில்லை. எந்த வீட்டில் எதை வைத்தோம் என்பதை ஏழு வயதுக் குழந்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள்தான் ஏற்பாடு செய்திருந்தோம்.

அதைவிட என்னை உலுக்கியது ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி. மாலை ஆறு மணிக்குத் தெருமுனை மருந்துக்கடை வாசலில் அவளை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிக்கொள்வோம். இருவரும் சண்டையிடவில்லை, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பையையும் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்து வாங்கிக்கொண்டு, இரண்டே நிமிடத்தில் விலகிவிடுவோம். நடுவில் நிற்கும் அவள் என் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பாள். மதியம் மூன்று மணிக்கே வயிறு வலிக்கிறது என்று படுத்துவிடுவாள். மருத்துவர் பரிசோதித்து உடலில் எந்தக் கோளாறும் இல்லை என்றார்.

அதன்பிறகுதான், நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டு, கை மாறும் நேரத்தைப் பற்றி யோசித்தோம். இப்போது அவளை நாங்கள் நேருக்கு நேர் ஒப்படைப்பதில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அப்பா வந்து அழைத்துப் போகிறார், திங்கள் காலை அவரே பள்ளியில் விடுகிறார், அன்று மாலை நான் அழைத்து வருகிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பள்ளி இருப்பதால், ஒருவரை விட்டுப் பிரியும் காட்சியே அவளுக்கு இல்லாமல் போயிற்று. வயிற்றுவலி இரண்டு மாதத்துக்குள் நின்றது.

வார இறுதிகளைப் பிரித்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிக்கு விடுமுறை. ஆகவே அந்த இரண்டு வார இறுதிகளும் அவருடையவை. பள்ளி நாட்களில் மகள் பெரும்பாலும் என்னிடம்தான். பள்ளி என் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. புதன்கிழமை மாலை மட்டும் அவருடன் இரவு உணவு வரை இருந்துவிட்டு வருகிறாள். எண்ணிக்கையில் இது சமபங்கு அல்ல. அதை ஏற்றுக்கொள்ள அவருக்கு எவ்வளவு மனம் வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஈடாக மே மாத விடுமுறையில் பெரும்பகுதியை நான் விட்டுக்கொடுத்தேன். ஐந்தாவது சனிக்கிழமை வரும் மாதங்களில் அவள் மேலூரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் போகிறாள். இந்தியச் சட்ட ஆணையம் 2015-இல் அளித்த 257-ஆவது அறிக்கை, பிரிந்த பெற்றோர் இருவரும் சேர்ந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கூட்டுப் பொறுப்பைப் பரிந்துரைத்ததோடு, தாத்தா பாட்டியுடன் குழந்தை செலவிடும் நேரத்தையும் தனியாகப் பேசுகிறது என்று எங்கள் வழக்கறிஞர் சொன்ன பிறகே, அவர்களை நாங்கள் கணக்கில் சேர்க்காதது உறைத்தது.

பண்டிகைகளில் பொங்கல் எளிது. போகி, தைப்பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று நான்கு நாட்கள் இருப்பதால் இரண்டிரண்டாகப் பிரியும். தீபாவளி அப்படிப் பிரியாது. விடிகாலை எண்ணெய்க் குளியல் எந்த வீட்டிலோ அங்கேதான் தீபாவளி. ஆகவே ஓராண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே என்று எழுதிக்கொண்டோம். ஆனால் மதுரைக்காரர்களாகிய நாங்கள் சித்ரா பௌர்ணமியை மறந்துவிட்டோம்! பள்ளி நாட்காட்டியைப் பார்த்து ஆங்கிலத் தேதிகளாகவே எழுதியதால் வந்த பிழை அது. மூன்று வயதிலிருந்து என் அம்மாவுடன் சர்க்கரைச் செம்பு ஏந்தி, ஆற்றில் அழகர் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள், அந்த நாளில் மேலூரில் இருக்கும்படி எழுதியிருந்தோம். தொலைபேசியில் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அப்பாவிடம்தான் கேட்டிருக்கிறாள். கூட்டத்தில் விடிகாலையில் வண்டி நுழைய முடியாது என்பதால் முந்தைய இரவே கொண்டுவந்து என் அம்மாவிடம் விட்டுவிட்டு, மறுநாள் மாலை வந்து அழைத்துப் போனார். அடுத்த அட்டவணையைப் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினோம்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று கேட்கிறார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டப்படி, ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும்; எந்த வயதானாலும் குழந்தையின் நலனே முதன்மையானது. குழந்தையைப் பார்ப்பதும் அதனுடன் பேசுவதும் பெற்றோரின் உரிமை மட்டுமல்ல, இரு பெற்றோரின் அன்பையும் பெறுவது குழந்தையின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் தெளிவாகச் சொன்னது. தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் பேச வழிசெய்ய வேண்டும் என்றும் அதில் குறிப்பிட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பத்து நிமிடம் இரவு எட்டு மணிக்கு. அவள் பேசும்போது நான் வேறு அறைக்குப் போய்விடுகிறேன். அங்கிருந்து வந்த பிறகு யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்பதில்லை. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆறு மாதங்களில் நான் கேட்டிருக்கிறேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: பள்ளிக் கட்டணம் தாமதமானாலும், அதற்காக ஒரு சனிக்கிழமையைக்கூட நிறுத்தி வைக்கக் கூடாது என்பதைத் தனி வரியாகவே மனுவில் சேர்த்தோம்.

வரும் ஜூனில் அவள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். புதிய பள்ளி சற்றுத் தொலைவு. சனிக்கிழமைகளில் வகுப்பு இருக்கலாம், புதன்கிழமை மாலைகளில் சிலம்பம் கற்க வேண்டும் என்று வேறு சொல்கிறாள். ஆகவே இப்போதைய அட்டவணை மே மாதத்தோடு செல்லாது. ஏப்ரல் கடைசி ஞாயிறு என் அக்கா வீட்டில் இருவரும் உட்கார்ந்து மறுபடி எழுதுவதாகப் பேசியிருக்கிறோம். இம்முறை புதன்கிழமையை எந்தக் கிழமைக்கு மாற்றலாம் என்று முதலில் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கப் போகிறோம்.